சிலாகை வகுத்த கணிதம்

கப்பலின் உடலில் நேர்கோடு என்று சொல்லத்தக்கது மிகச் சொற்பம். அணியத்திலிருந்து பின்புறம் வரை அதன் பக்கங்கள் எல்லாம் வளைந்தே செல்கின்றன. அந்த வளைவு வழியில் எங்கேனும் சிறிது முறிந்துவிட்டால், அவ்விடத்தில் நீர் சுழித்து ஓட்டத்தைத் தடுக்கும் என்பதோடு, பலகையும் தன்னைத் தாங்கும் விலா எலும்புகளோடு ஒட்டிப் படியாது. ஆகையினால்தான் ஐரோப்பாவின் கப்பல் கட்டும் தளங்களில் கூரைக்கு அடியில் விசாலமான ஒரு மாடியை இதற்கென்றே ஒதுக்கி, கட்டப்போகும் மரக்கலத்தின் கோடுகளை அந்த மாடியின் தரையிலே, சிறு படமாக அன்று, உண்மையான அளவிலேயே வரைந்து சரிபார்க்கும் வழக்கம் தோன்றிற்று. கலத்தின் வடிவத்துக்கு இன்றியமையாத சில புள்ளிகளை முதலில் குறித்துக்கொண்டு, அப்புள்ளிகளின் வழியே சீரான ஒரு கோட்டை இழுப்பதுதான் அங்கே வேலை செய்தவர்களின் பொறுப்பு.

புள்ளிகளைக் குறிப்பது எளிது. சீராக இழுப்பதுதான் அரிது. வட்டத்துக்குக் கவராயம் உண்டு, நேர்கோட்டுக்கு அளவுகோல் உண்டு. ஆனால் தன் விருப்பப்படி மாறிமாறி வளையும் கோட்டுக்கு என்ன கருவி? அந்தத் தொழிலாளர்கள் கண்ட விடை மெல்லிய ஒரு மரச் சிலாகை. அதைத் தரையில் கிடத்தி, புள்ளிகளைத் தொட்டுச் செல்லும்படி வளைத்து, ஆங்காங்கே கனமான ஈயக் கட்டிகளைக் கொண்டு பிடித்து நிறுத்துவார்கள். பிறகு அதன் ஓரத்தை ஒட்டிப் பென்சிலை ஓட்டினால், கண்ணுக்கும் கைக்கும் குறை தோன்றாத வளைகோடு கிடைத்துவிடும். ஈயக் கட்டிகளின் உருவத்தைப் பார்த்து ஆங்கில வரைவாளர்கள் அவற்றை வாத்துகள் என்று அழைத்தார்கள். சிலாகைக்கு அவர்கள் இட்ட பெயர் ஸ்ப்லைன். இன்று விமானத்தின் இறக்கை முதல் அச்செழுத்தின் விளிம்பு வரை கணிப்பொறியில் வரையப்படும் வளைவுகளுக்கு அடிப்படையாக நிற்கும் ஒரு பெரிய கணிதப் பிரிவு அந்த மரத்துண்டின் பெயரையே தாங்கி நிற்கிறது. அந்தக் கணிதத்தை அந்த மரத்துண்டிலிருந்தே தொடங்கி அறிந்துகொள்வதுதான் முறை என்பது என் துணிபு. சூத்திரங்களிலிருந்து தொடங்குகிறவர்களுக்கு அதன் நியாயம் கடைசிவரை புலப்படாமலே போய்விடக்கூடும்.

வளைக்கப்பட்ட சிலாகை, தன்னைப் பிடித்திருக்கும் கட்டிகளுக்கு இணங்கி, தனக்கு மிகக் குறைந்த சிரமத்தைத் தருகிற உருவத்தில் போய் அமைகிறது. இதைக் கவித்துவமான பேச்சாக எண்ணிவிடலாகாது. யாக்கோபு பெர்னூலி பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, மீள்தன்மையுள்ள ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் ஒவ்வோரிடத்து வளைமையும் அங்கே செயற்படுகிற வளைக்கும் திறனுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று கருதி ஆராய்ந்தார். அவருடைய சகோதரரின் புதல்வரான டானியேல் பெர்னூலி, வளைந்த தகடு தன் முழு நீளத்திலும் உள்ள வளைமையின் வர்க்கங்களைக் கூட்டினால் அக்கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும்படியே அமையும் என்ற கருத்தை ஆய்லருக்கு எழுதித் தெரிவித்தார். ஆய்லர் அதை ஏற்றுக்கொண்டு, 1744-ல் வெளியிட்ட தம்முடைய மகத்தான நூலின் பிற்சேர்க்கையில், அத்தகைய தகடு எடுக்கக்கூடிய உருவங்களையெல்லாம் வகைப்படுத்திக் காட்டினார்.

ஆய்லர் கண்ட பொதுவான வளைவுகள் சிக்கலானவை. ஆனால் சிலாகை மிகவும் செங்குத்தாக எழாமல் மென்மையாகவே வளைகிறது என்று வைத்துக்கொண்டால், கணக்கு வியக்கத்தக்க வகையில் எளிதாகிவிடும். இரண்டு ஈயக் கட்டிகளுக்கு நடுவிலுள்ள பகுதியைக் கவனியுங்கள். அங்கே சிலாகையை எதுவும் தொடுவதில்லை. தொடப்படாத அந்தப் பகுதியில், நெம்புகோலின் நீளம் கூடக்கூட அதன் திறன் ஒரே வீதத்தில் கூடுவதைப்போல, வளைக்கும் திறனும் ஒரு கட்டியிலிருந்து அடுத்த கட்டி வரை ஒரே வீதத்தில் கூடிக்கொண்டோ குறைந்துகொண்டோ செல்ல வேண்டும். திறன் அப்படி மாறினால் வளைமையும் அப்படியே மாறும். வளைமையைத் தொகையீடு செய்தால் சாய்வு வருகிறது. அதில் தூரத்தின் வர்க்கம் தோன்றும். சாய்வை மறுபடி தொகையீடு செய்தால் கோட்டின் உயரம் வருகிறது. அதில் தூரத்தின் கனம் தோன்றும். எனவே இரண்டு கட்டிகளுக்கு நடுவே சிலாகை எடுக்கும் வடிவம் மூன்றாம் படிக் கோவை ஒன்றன்றி வேறில்லை. ஸ்ப்லைனைப் பற்றி எழுதுகிற நூல்களில் முதற் பக்கத்திலேயே வந்து நிற்கும் மூன்று என்ற அந்த எண்ணை யாரும் வசதிக்காகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளவில்லை. அது மரத்தின் மீள்தன்மையிலிருந்தே பிறந்தது.

கட்டி இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? அங்கே சிலாகை உடைவதுமில்லை, மடிவதுமில்லை. ஆகவே இருபுறத்துக் கோவைகளுக்கும் அவ்விடத்தில் உயரம் ஒன்றே, சாய்வும் ஒன்றே, வளைமையும் ஒன்றே. மாறுவது ஒன்றுதான்: வளைமை கூடும் அல்லது குறையும் வீதம், அதாவது மூன்றாம் வகைக்கெழு, கட்டியைக் கடக்கும்போது ஓர் எண்ணிலிருந்து மற்றோர் எண்ணுக்குத் தாவுகிறது. அத்தாவலின் அளவு, அந்தக் கட்டி சிலாகையின்மீது செலுத்தும் விசைக்கு நேர்விகிதமாக இருக்கிறது. நம் கண் ஒரு கோட்டில் சாய்வின் முறிவை உடனே கண்டுவிடும். பயின்ற கண் வளைமையின் முறிவையும் உணரும். மூன்றாம் வகைக்கெழுவின் தாவலைக் காண்பதோ மிகவும் அரிது. வரைவாளர்களுக்குச் சிலாகையின் கோடு குறையற்றதாகத் தோன்றியதன் காரணம் இதுதான்.

இதை எண்களால் ஒரு முறை செய்து பார்த்துவிடுவது நல்லது. மூன்றே புள்ளிகள். முதற்புள்ளி தரைமட்டத்தில், அதிலிருந்து ஓர் அலகு தூரத்தில் ஓர் அலகு உயரத்தில் இரண்டாவது, மேலும் ஓர் அலகு தள்ளி மீண்டும் தரைமட்டத்தில் மூன்றாவது. முனைகளைத் தாண்டிச் சிலாகையை எதுவும் பிடிக்கவில்லை என்பதனால் இரு முனைகளிலும் வளைமை பூஜ்யம். இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் பொருந்தும் கோடு இடப்பாதியில் இப்படி இருக்கும்: முதற்புள்ளியிலிருந்து உள்ள தூரத்தை ஒன்றரையால் பெருக்கி, அத்தூரத்தின் கனத்தில் பாதியை அதிலிருந்து கழித்தால் உயரம் கிடைக்கும். வலப்பாதி இதன் பிரதிபிம்பம். பாதித் தூரத்தில் உயரம் 0.6875. வளைமை முனையில் பூஜ்யமாகத் தொடங்கி நடுவில் 3 என்ற அளவை அடைந்து மறுபடி பூஜ்யமாகிறது. வளைமையின் வர்க்கத்தை முழு நீளத்துக்கும் கூட்டினால் வரும் தொகை 6. அப்புள்ளிகளின் வழியே ஒரு பரவளையத்தையும் வரையலாமே என்று யாரேனும் கேட்கக்கூடும். வரையலாம்; அதன் வளைமை எங்கும் 2, எனவே கூட்டுத்தொகை 8. சிலாகை 6-ஐத் தேர்ந்துகொள்கிறது.

பரவளையம் மட்டுமல்ல, அந்த மூன்று புள்ளிகளின் வழியே செல்லும் வேறெந்தச் சீரான கோடும் 6-க்குக் குறைந்து போக முடியாது. அதற்கான நிரூபணம் இந்தத் துறையிலேயே மிக அழகானது என்று நான் கருதுவதால், அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வேறொரு கோட்டை எடுத்துக்கொண்டு, அதிலிருந்து சிலாகைக் கோட்டைக் கழித்து வரும் வித்தியாசத்தைப் பாருங்கள். இரண்டு கோடுகளும் அதே புள்ளிகளைத் தொடுவதனால், வித்தியாசம் ஒவ்வொரு புள்ளியிலும் பூஜ்யமாகும். மற்றக் கோட்டின் கூட்டுத்தொகையை விரித்தால் மூன்று பகுதிகள் வரும்: சிலாகையின் தொகை, வித்தியாசத்தின் தொகை, இரண்டும் ஒன்றோடொன்று பெருகி வரும் ஒரு கலப்புப் பகுதி. அந்தக் கலப்புப் பகுதியைப் பகுதித் தொகையீட்டு முறையில் இரண்டு தடவை மாற்றினால், ஒவ்வொரு துண்டிலும் சிலாகையின் மூன்றாம் வகைக்கெழு மாறாத எண்ணாக நிற்பதனாலும், முனைகளில் அதன் வளைமை பூஜ்யமாக இருப்பதனாலும், மிஞ்சுவது புள்ளிகளில் உள்ள வித்தியாசங்கள் மட்டுமே, அவையோ பூஜ்யம். ஆகவே மற்றக் கோட்டின் தொகை என்பது சிலாகையின் தொகையோடு வித்தியாசத்தின் தொகையையும் சேர்த்தது. வர்க்கங்களால் ஆன அந்த இரண்டாவது தொகை ஒருபோதும் குறைமதிப்பு ஆகாது. நம் பரவளையத்தில் அது சரியாக 2. ஆறும் இரண்டும் எட்டு. செங்கோண முக்கோணத்தின் பக்கங்களைப் பற்றி நாம் பள்ளியில் கற்கும் உண்மைதான் இங்கே கோடுகளின் உலகில் மறுபிறவி எடுத்து வந்திருக்கிறது. இந்தத் தேற்றத்தை ஹாலடே என்பவர் 1957-ல் வெளியிட்டார்.

எத்தனை புள்ளிகளானாலும் அவற்றின் வழியே ஒரே ஒரு பல்லுறுப்புக் கோவையை வரைந்துவிட முடியும் என்பது நியூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த செய்தி. அப்படியிருக்கத் துண்டு துண்டாக இணைக்கும் இந்தப் பிரயாசை எதற்கு என்ற ஐயம் எழலாம். அதற்கு 1901-ல் கார்ல் ருங்கே என்ற ஜெர்மானியர் விடை சொன்னார். மணியைக் கவிழ்த்தாற்போன்ற ஒரு சாதாரணமான வளைவை அவர் எடுத்துக்கொண்டார். நடுவில் அதன் உயரம் 1. இரு ஓரங்களிலும் 26-ல் ஒரு பங்கு. அதில் சம இடைவெளியில் பதினொரு புள்ளிகளைக் குறித்து, அவற்றின் வழியே பத்தாம் படிக் கோவை ஒன்றை வரைந்தால், நடுவில் ஒழுங்காகச் செல்லும் அந்தக் கோவை, ஓரங்களை நெருங்கியதும் தறிகெட்டு எழுந்து, உண்மையான உயரம் நூற்றில் நான்கைந்து பங்கே இருக்க வேண்டிய இடத்தில், ஏறத்தாழ 2 என்ற உயரத்தை எட்டிவிடுகிறது. புள்ளிகளை இன்னும் நெருக்கினால் ஆட்டம் அடங்கும் என்று எதிர்பார்ப்போம். அது மேலும் வலுக்கவே செய்கிறது. பல்லுறுப்புக் கோவை தன் ஒரு சிறு துண்டிலேயே தன் முழு வாழ்வையும் நிர்ணயித்துக்கொண்ட பிராணி. நடுவில் அதை ஓர் ஒழுங்குக்கு இழுத்தால் ஓரத்தில் அதற்குரிய விலையை வாங்கிக்கொள்ளும். சிலாகைக்கோ ஒவ்வொரு கட்டியிலும் தன் போக்கைச் சிறிது மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் உண்டு.

மரத்தின் இந்தச் சுதந்திரத்தைக் கணித சாஸ்திரத்துக்குள் முறையாகக் கொண்டுவந்தவர் ஐசக் ஷோன்பர்க். ருமேனியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவர், இரண்டாம் உலகப் போரின்போது மேரிலாந்து மாநிலத்தின் அபர்டீனில் உள்ள பீரங்கி ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றினார். குண்டின்மீது காற்று செலுத்தும் தடையைக் குறித்த அட்டவணைகளிலிருந்து குண்டு செல்லும் பாதையைக் கணிக்க வேண்டியிருந்தது; அளந்து எழுதிய எண்களிலோ சிறுசிறு பிழைகள் இருந்தன. அந்த எண்களைச் சீர்படுத்தி இணைக்கும் வழியை ஆராய்ந்த அவர், 1946-ல் வெளியிட்ட கட்டுரையில், வரைவாளரின் சிலாகையை நினைவுகூர்ந்து, துண்டுதுண்டான கோவைகளால் ஆகிச் சீராக இணையும் கோடுகளுக்கு ஸ்ப்லைன் வளைவுகள் என்று பெயரிட்டார். அக்கட்டுரை வெளிவந்த காலத்தில் அதைக் கவனித்தவர்கள் சிலரே. கணிப்பொறிகள் பெருகிய பிறகே, 1960-க்குப் பின், அந்த விதை முளைத்தது.

கணிப்பொறிக்கு இது ஏன் உகந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பத்துத் துண்டுகள் உள்ள ஒரு கோட்டுக்குத் துண்டுக்கு நான்காக நாற்பது எண்கள் தெரிய வேண்டும். ஒவ்வொரு துண்டும் தன் இரு முனைப் புள்ளிகளையும் தொட வேண்டும் என்பதால் இருபது நிபந்தனைகள். ஒன்பது இணைப்புகளிலும் சாய்வும் வளைமையும் ஒத்திருக்க வேண்டும் என்பதால் பதினெட்டு. இரு முனைகளிலும் வளைமை பூஜ்யம் என்பதால் இரண்டு. ஆக நாற்பது. எண்ணும் நிபந்தனையும் ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்திவிடுகின்றன. இந்த நாற்பதையும் நேரே தீர்க்க வேண்டியதுமில்லை. இணைப்புகளின் வளைமைகளை மட்டும் அறியப்படாதவையாக வைத்துக்கொண்டால், சம இடைவெளியுள்ள புள்ளிகளுக்கு ஒவ்வொரு சமன்பாடும் இப்படி எளிமையாகிவிடுகிறது: ஒரு புள்ளியின் வளைமையை நான்கால் பெருக்கி, அதன் இடப்பக்கத்து அண்டைப் புள்ளியின் வளைமையையும் வலப்பக்கத்து அண்டைப் புள்ளியின் வளைமையையும் ஒவ்வொரு பங்கு கூட்டினால், புள்ளிகளின் உயரங்களிலிருந்து கிடைக்கும் ஓர் எண் வர வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் தன் அண்டை வீட்டாரோடு மட்டும் பேசுகிறது. அதனால் புள்ளிகள் ஆயிரமானாலும் வேலை ஆயிரத்துக்கு ஏற்ற அளவே கூடும்.

எனினும் சிலாகையிடம் ஒரு குறை உண்டு. அண்டை வீட்டாரோடு மட்டும் பேசினாலும் செய்தி ஊர்முழுவதும் பரவத்தானே செய்யும்? ஒரு கட்டியைச் சிறிது நகர்த்தினால் சிலாகை முழுவதுமே அசைகிறது. நகர்த்திய இடத்திலிருந்து ஒவ்வொரு துண்டு தள்ளிச் செல்லும்போதும் அந்த அசைவு ஏறத்தாழ 0.27 பங்காகக் குறைந்து, மேலும் கீழுமாகத் திசை மாறிக்கொண்டே போகிறது. நான்கு துண்டுகள் தள்ளினால் இருநூற்றில் ஒரு பங்கே மிஞ்சும். அசைவு அற்பமானாலும், விமானத்தின் முகப்பைத் திருத்தப் போய் வாலும் நூலிழை நகர்வதற்கு எந்தப் பொறியாளரும் சம்மதிக்க மாட்டார்.

இதற்குப் பரிகாரமும் ஷோன்பர்க்கின் கட்டுரையிலேயே இருந்தது. நான்கு துண்டுகளுக்குள் எழுந்து அடங்கி, அவற்றுக்கு வெளியே எங்கும் பூஜ்யமாகவே கிடக்கும் ஒரு சிறு குன்றுபோன்ற ஸ்ப்லைன் உண்டு. எந்த ஸ்ப்லைனையும் இத்தகைய குன்றுகளின் கூட்டாக எழுதிவிடலாம். ஒரு குன்றின் உயரத்தை மாற்றினால் அந்த நான்கு துண்டுகளே மாறும், மற்றவை அணுவளவும் அசையா. ஆனால் இதற்கும் ஒரு விலை உண்டு: இப்போது கோடு நாம் குறித்த புள்ளிகளைத் தொடுவதில்லை, அவற்றின் அருகே அவற்றால் ஈர்க்கப்பட்டுச் செல்கிறது. சம இடைவெளியில், ஓர் இணைப்பில் கோடு நிற்கும் இடம் நேர்ப்புள்ளியில் ஆறில் நான்கு பங்கும், இருபுறத்துப் புள்ளிகளில் ஆறில் ஒவ்வொரு பங்கும் சேர்ந்த சராசரி. எந்த இடத்திலும் பங்குகளின் கூட்டு ஒன்று. எந்தப் பங்கும் குறைமதிப்பு ஆவதில்லை. ஆகவே புள்ளிகளைச் சுற்றிக் கட்டிய வேலிக்கு வெளியே கோடு போவதற்கு வழியில்லை. ருங்கே கண்ட தறிகெட்ட ஆட்டம் இங்கே தலைகாட்டவே முடியாது. இந்தக் குன்றுகளைப் பிழை பெருகாமல் கணக்கிடும் முறையை, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடத்தில் முன்பு பணியாற்றிய கார்ல் டி பூரும், இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த காக்ஸும் தனித்தனியே கண்டு 1972-ல் வெளியிட்டார்கள்.

இதற்கிடையே பிரான்ஸ் தேசத்தில், இரண்டு மோட்டார் தொழிற்சாலைகளில், ஒருவரையொருவர் அறியாமல் இருவர் இதே வகைச் சிந்தனையில் ஈடுபட்டிருந்தார்கள். சிட்ரோயன் நிறுவனத்தில் கணித வல்லுநராகச் சேர்ந்த பால் டி காஸ்டெல்ஜோ 1959-ல் கண்ட முறை, ஒரு குழந்தைக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கத் தக்கது. நான்கு புள்ளிகளை வரிசையாகக் கோடிட்டு இணையுங்கள். மூன்று கோடுகள் வரும். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் இரண்டு கோடுகள். அவற்றின் நடுப்புள்ளிகளை இணைத்தால் ஒரு கோடு. அதன் நடுப்புள்ளிதான் வளைவின் மீதுள்ள ஒரு புள்ளி. நடு என்பதற்குப் பதிலாக மூன்றில் ஒரு பங்கு, பத்தில் ஒரு பங்கு என்று எந்த விகிதத்தை எடுத்தாலும் அதற்குரிய புள்ளி அகப்படும். எல்லா விகிதங்களையும் எடுத்தால் முழு வளைவும் உருவாகிவிடும். சமன்பாடு ஒன்றையும் எழுதாமல், இணைத்தலும் பங்கிடுதலும் ஆகிய இரண்டே செயல்களால் மூன்றாம் படிக் கோவை பிறந்துவிடுகிறது. ஆனால் நிறுவனம் இதைத் தொழில் இரகசியமாகப் பூட்டி வைத்தது. ரெனோ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த பியேர் பெசியேயோ, 1960-களில் அதே வளைவுகளை வேறு வழியாக அடைந்து, தம் முறையைப் பல கட்டுரைகளில் வெளியிட்டார். உலகம் அவற்றைப் பெசியே வளைவுகள் என்றே அழைக்கிறது. வெளியிட்டவருக்குப் பெயர் கிடைத்ததில் பெசியேயிடம் குற்றம் ஏதுமில்லை. எனினும், முந்திக் கண்டவர் பல ஆண்டுகள் மௌனமாக இருக்கக் கட்டுண்டது அறிவுலகத்துக்கு நேர்ந்த நஷ்டமே. கணக்கிடும் முறைக்கு மட்டுமாவது டி காஸ்டெல்ஜோவின் பெயர் பின்னாளில் வழங்கலாயிற்று என்பது ஓரளவு ஆறுதல்.

இந்த வளைவுகள் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்து, 1984-ல் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியின் வழியாக எழுத்துகளுக்குள் புகுந்தன. அதுமுதல் கணிப்பொறியின் எழுத்து என்பது பெரும்பாலும் சில புள்ளிகளின் பட்டியல். புள்ளிகளைப் பெரிதாக்கினால் வளைவும் அதே விகிதத்தில் பெரிதாகும், சாய்த்தால் சாயும், திருப்பினால் திரும்பும் என்ற ஒரு குணம் இவ்வளைவுகளுக்கு இயல்பாகவே இருப்பதனால், அடிக்குறிப்பின் சிற்றெழுத்துக்கும் சுவரொட்டியின் பேரெழுத்துக்கும் ஒரே பட்டியல் போதும். சுழியும் வளைவும் நிறைந்த நம் தமிழ் எழுத்துகளுக்கு இதைவிட ஏற்ற கணிதம் வேறு கிடைத்திருக்காது. ழகரத்தின் கீழ்ச்சுழியையும் ஐகாரத்தின் மடிப்புகளையும் இன்று திரையில் சீராகக் காட்டுவது பெரும்பாலும் இத்தகைய வளைவுத் துண்டுகளின் இணைப்புத்தான்.

வாசகர்கள் இதைக் கண்ணால் காண விரும்பினால், செலவில்லாத ஒரு சோதனை உண்டு. இரண்டடிக்குச் சற்று மிகுந்த நீளத்தில், முழுவதும் ஒரே கனமாகச் சீவிய மெல்லிய மூங்கிற் பிளாச்சு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகையில் நேர்கோடு ஒன்றை வரைந்து, அதில் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு இடங்களையும், அவற்றின் நடுவே 30 சென்டிமீட்டரில் கோட்டுக்கு 4 சென்டிமீட்டர் மேலே ஓர் இடத்தையும் குறியுங்கள். ஒவ்வோர் இடத்திலும் பிளாச்சு தடையின்றி நழுவும்படி இருபுறமும் இரண்டு ஆணிகள் அடித்து, பலகையைத் தரையில் படுக்கையாக வைத்து, பிளாச்சை அந்த ஆணிகளின் நடுவே செலுத்தி, அதன் ஒரே விளிம்பை ஒட்டிப் பென்சிலால் கோடு இழுங்கள். முனைகளில் கோடு நிற்கும் இடங்களை நேர்கோட்டால் இணைத்து, இடது முனையிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி உயரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். பரவளையமானால் 30 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் அளவுகோல் இருபத்தேழரையை ஒட்டி நிற்கும்.